கார்ட்-டி-விசிட்: மூலையைத் தடவிப் பாருங்கள்

விக்டோரியா காலத்துக் கார்ட்-டி-விசிட், அதாவது அட்டையில் ஒட்டிய சிறு புகைப்படம், கைக்கு வந்தால் எல்லோரும் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். காலத்தைக் கணிக்க அட்டையின் மூலைதான் முதல் துப்பு.

அட்டை ஏறத்தாழ 64 × 100 மி.மீ. மேலே ஒட்டிய படம் 54 × 89. பாரிசில் புகைப்படக்காரர் டிஸ்டேரி 1854-இல் காப்புரிமை வாங்கிய முறை: ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படம் எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டு, வெட்டி ஒட்டுவது. விலை சரிந்தது அதனால்தான். 1860-இல் லண்டன் புகைப்படக்காரர் மேயால் எடுத்த அரச குடும்பப் படங்கள் விற்பனைக்கு வந்ததும் இங்கிலாந்தில் ஆல்பம் மோகம் தலைக்கேறியது.

1860-களின் அட்டை மெல்லியது, மூலை கூரானது. ஆள் பெரும்பாலும் முழு உருவமாக, தூணோ திரைச்சீலையோ பக்கத்தில் இருக்க நிற்பார். 1870-களில் மூலை உருண்டது, அட்டை தடித்தது, முகம் பெரிதாகியது. அமெரிக்க அட்டையின் பின்பக்கம் வரி முத்திரை இருந்தால் வேலை சுலபம்: அந்த வரி 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரைதான்.

ஆனால் அட்டையின் வயது படத்தின் வயதல்ல. ஸ்டூடியோக்கள் நெகட்டிவைப் பத்திரப்படுத்தி, கேட்டபோதெல்லாம் அச்சிட்டுக் கொடுத்தன; பழைய டாகுரோடைப்பையும் (உலோகத் தகட்டுப் படம்) திரும்பப் படமெடுத்தன. உருண்ட மூலை, 1850-களின் உடை, மங்கலான விளிம்பு மூன்றும் சேர்ந்தால் அது நகல் என்றே சந்தேகப்படுங்கள். பத்து மடங்கு லென்சில் பாருங்கள்: அசல் ஆல்புமின் படத்தில் தாளின் நாரும் முட்டைவெள்ளைப் பூச்சின் மயிரிழை வெடிப்பும் தெரியும். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது.

மஞ்சளிப்பது பெரும்பாலும் அந்த முட்டைவெள்ளைதான். படமே வெளிறினால், சரியாகக் கழுவாமல் தங்கிய ஹைப்போ என்ற படம் நிலைப்படுத்தும் ரசாயனமும் ஈரமும் காரணம். படத்தின் வெளிர்நிறப் பகுதிகளின் நுணுக்கம் முதலில் போகும், வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் கரைந்து ஒரே திட்டாகிவிடும். வளைந்த அட்டையை அழுத்தி நிமிர்த்தாதீர்கள், பூச்சில் விரிசல் விழும்.

அதிகம் பாழாவது ஆல்பத்திலிருந்து உருவும்போது. பல ஆல்பங்களில் செருகும் பிளவு பக்கத்தின் அடியில் இருக்கும். நகத்தால் நெம்பினால் படத்தைச் சுற்றிச் சன்னல்போல் வெட்டிய ஆல்பத் தாள் கிழிந்து, படத்தின் மேல்தோலும் கூடவே வரும். மெல்லிய பாலியெஸ்டர் பட்டையை முன்னும் பின்னும் நுழைத்து ஒட்டுதலை விடுவித்த பிறகே கீழ்நோக்கி இழுங்கள். அசைய மறுத்தால் அப்படியே விட்டுவிடுங்கள், ஆல்பத்தோடு சேர்த்தே படமெடுத்துக்கொள்ளலாம். எடுத்ததைப் பாலியெஸ்டர் உறையில் வையுங்கள்; பிவிசி உறை அமிலம் கக்கும். குறிப்பை உறைமேல் எழுதி, மை காய்ந்த பிறகு அட்டையைச் செருகுங்கள்.