மேலே பார்க்கும் முகங்கள்

போன வாரம் பேரன் தன் போனை டீவியோடு இணைத்து ஒரு கடற்போர்ப் படம் போட்டான். இரண்டாம் உலகப் போர்க் காலக் கதை. ஒரு நாசகாரிக் கப்பலும் அதைச் சுற்றி வளைக்கும் நீர்மூழ்கிகளும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி, "அப்பப்பா, உண்மையில இப்படித்தானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

நான் 1960களில் ரோயல் சிலோன் நேவியில் ஸ்டோக்கராக, அதாவது பொயிலரையும் என்ஜினையும் பார்த்துக்கொள்பவனாக, இருந்தவன். போரில் சுட்டதும் இல்லை, குண்டடி பட்டதும் இல்லை. ஆனால் நான் வேலை பார்த்த 'கஜபாகு', அந்தப் போருக்காகவே கனடாவில் கட்டிய 'ஃப்ரிகேட்' வகைப் போர்க்கப்பல். பிறகு இஸ்ரேலிடம் போய், 1959இல் எங்களிடம் வந்தது. உள்ளே அதே பழைய நீராவி என்ஜின்தான்.

படத்தில் கப்டன் "முழு வேகம்" என்றதும் கப்பல் பாய்கிறது. அப்படி எந்தக் கப்பலும் பாயாது. முதலில், மேலேயிருந்து வேக உத்தரவை என்ஜின் அறைக்குக் காட்டும் டெலிகிராப்பின் மணி அடிக்கும். முள் நகர்ந்த இடத்துக்கே நாங்களும் பிடியைத் திருப்பிப் பதில் மணி கொடுப்போம். நீராவி வால்வைத் திறக்கத் திறக்க பொயிலரில் அழுத்தம் இறங்கும். அதை விழவிடாமல் எண்ணெயைக் கூட்ட வேண்டும், கூடவே காற்றையும் கூட்ட வேண்டும். காற்று குறைந்தால் புகைபோக்கியில் கரும்புகை, மேலேயிருந்து ஏச்சு. போர்க்காலத்திலோ அந்தப் புகையே கப்பலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒலி அனுப்பி நீர்மூழ்கியைத் தேடும் சோனாரும் அப்படித்தான். படத்தில் 'டிங்' என்ற அதே கணத்தில் எதிரொலி வருகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். நீர்மூழ்கி அவ்வளவு தூரத்தில் இருந்தால் போய்வர 2 நொடி வேண்டும். நீர்மூழ்கியைத் தாக்கக் கடலில் போடும் டெப்த் சார்ஜ் குண்டும் தண்ணீரில் விழுந்தவுடன் வெடிப்பதில்லை. நொடிக்கு 3 மீட்டர் போலத்தான் அமிழும். 50 மீட்டர் இறங்கக் கால் நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்தக் காத்திருப்பை வெட்டி எறிந்துவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய மனக்குறை.

எங்கள் வேலையில் கண்ணைவிடக் காதும் கையும்தான் முக்கியம். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் சூடாகிறதா என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்போம். கிராங்க் சுற்றி வரும் நேரம் பார்த்துக் கையை நீட்டி, அதோடு சேர்த்து ஓட்டி, அது கீழே போகுமுன் எடுத்துவிட வேண்டும். முதல் நாள் ஒரு மட்டக்களப்புக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து அந்தத் தாளத்துக்கு ஆட்டிக் காட்டினார். "எண்ணாதே தம்பி, கேள்" என்றார். மேலே பயிற்சிக்குப் பீரங்கி சுடும்போது, குழாய்களைச் சுற்றியிருந்த அஸ்பெஸ்டஸ் வெள்ளைத் தூளாகத் தோளில் உதிரும். எங்களுக்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான்.

அப்பா 1942இல் இங்கே திருகோணமலை டொக்யார்டில், கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில், வேலை செய்தவர். ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது பதுங்குகுழிக்குள் கிடந்தார். "ஒண்டும் பார்க்கேல்ல, நிலம் நடுங்கினது" என்பதுதான் அவர் சொன்ன முழுக்கதை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பலும் அவர்கள் தாக்குதலில் மூழ்கியது. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதில் விமானங்கள் இல்லை. 307 பேர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பொயிலருக்குப் பக்கத்தில் நின்றிருப்பார்கள் என்று நினைக்காமல் என்னால் ஒரு கப்பல் படமும் பார்க்க முடிவதில்லை.

ஆனால் இந்தப் படத்தில் ஓர் இடம் சரியாக வந்திருக்கிறது. எங்கேயோ ஒரு வெடிச் சத்தம். என்ஜின் அறையில் ஐந்தாறு பேர் கைவேலையை நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறார்கள். அங்கே இரும்புத் தகட்டையும் குழாய்களையும் தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும் பார்ப்போம். வெறும் பயிற்சிச் சூட்டுக்கே நாங்கள் அப்படிப் பார்த்திருக்கிறோம்.

அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னேன்.

"இதில ஒண்டும் நடக்கேல்லயே, அப்பப்பா" என்றான்.

"சரி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு" என்றேன்.