காண்டனீஸில் மணி சொல்வது: ‘ஜி’ பிடிபட்டது, ‘தாப்’ படுத்துகிறது

ஹாங்காங்கின் காண்டனீஸ் பேச்சில் மணி கேட்டால் இப்போது உடனே புரிகிறது. ஆங்கி என்ற நினைவட்டைச் செயலியில் அட்டையை மாற்றியதன் பலன் இது. முன்பக்கத்தில் 3:35 என்று எண் போட்டால் மனம் நிமிடக் கணக்குக்குப் போய்விடும். நிமிடம் குறிக்காத முள் கடிகாரப் படம் போடுங்கள். பெரிய முள் 7-இல் நின்றால் ‘ஸாம்1 திம்2 சத்1 கோ3 ஜி6’, அதாவது மூன்று மணி ஏழு ‘ஜி’; ஒரு ஜி ஐந்து நிமிடம். (எண்கள், காண்டனீஸை ரோமன் எழுத்தில் எழுதும் ஜூட்பிங் முறையின் தொனி எண்கள்.) முள் 6-இல் நின்றால் ஜி கிடையாது, ‘திம்2 பூன்3’ (அரை) தான்.

சிக்கல் சுருக்கத்தில் இருக்கிறது. ‘கோ ஜி’யை விழுங்கிவிட்டு ‘ஸாம் திம் ஸாம்’ என்பார்கள். அது 3:03 அல்ல, 3:15. கட்டடத் தொழிலாளர்களின் தேநீர் இடைவேளைக்கே அதுதான் பெயர். முன்னால் ‘திம்’ இல்லாமல் ‘லோங்5 கோ3 ஜி6’ என்று வந்தால் மணி அல்ல, பத்து நிமிட நேரம். இந்த இரண்டையும் ஒரே அட்டையில் போடவே கூடாது, தனித்தனி அட்டை வேண்டும்.

‘ஸாம் திம் தாப்3 சத்’ என்றாலும் அதே 3:35தான். இந்தத் ‘தாப்’தான் இன்னும் வழிக்கு வரவில்லை. தமிழ் நாக்கு கடைசி ‘ப்’புக்குப் பின் ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்து ‘தாப்பு’ ஆக்கிவிடுகிறது. உதட்டை மூடியதும் மூச்சை நிறுத்தி, உதட்டைத் திறக்காமலே அடுத்த அசைக்குப் போக வேண்டும். முதல் ‘த’வில் காற்று ஊதினால் கோபுரம் என்று பொருள் மாறிவிடும். உதட்டுக்கு முன் மெல்லிய காகிதத்தைப் பிடியுங்கள். அது அசைந்தால் தவறு.

திட்டமிடாதவர்களைச் சொல்லும் தொடர்களிலும் இப்படி மூச்சை நிறுத்தி முடிக்கும் மெய்கள்தான் நிறைய. கடைசி நேரத்தில் புத்தர் காலைப் பிடிப்பது ‘லம்4 கப்1 போ5 ஃபத்6 கோக்3’: ஐந்து அசையில் ப், த், க் மூன்றும் வருவதால் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சொன்ன சொல்லிலிருந்து கழன்றுகொள்வது ‘லத்1 தய்2’. வரச் சொல்லிவிட்டு வராமலே இருப்பதற்கு ‘ஃபோங்3 ஃபெய்1 கெய்1’, அதாவது விமானம் விடுவது. புறா விடுவது மாண்டரின் வழக்கு, இங்கே கலக்க வேண்டாம்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு வேர்ட்ஸ்.எச்கே அகராதிதான் என் முதல் தேர்வு. பேச்சுவழக்கிலேயே எழுதியிருப்பார்கள், ஜூட்பிங்கும் இருக்கும். செய்தி ஒலிப்பதிவுகள் இதற்கு உதவாது, அங்கே நிமிடத்தை முழுசாகச் சொல்வார்கள். ‘தாப்’ சரியாகும் முன்பே ‘க்வத்1’ அட்டைகளைத் தொடங்கப்போகிறேன். கால் மணியைச் சொல்ல ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் அது. ‘ஸாம் திம் ஸாம் கோ க்வத்’ என்றால் 3:45.