ஜானகி அம்மாளின் வாழ்க்கை வரலாற்றுக்கு மூலம் தேடியபோது

தாவரவியலாளர் இ. கே. ஜானகி அம்மாளின் வாழ்க்கை வரலாற்றை விக்கிப்பீடியாவுக்காக விரித்தெழுத முற்பட்டபோது எனக்குச் செய்திப் பஞ்சம் இருக்கவில்லை. 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1984இல் சென்னையில் மறைந்த அவரைப் பற்றி நாளிதழ்க் கட்டுரைகளும் மகளிர் நாள் சிறப்புப் பக்கங்களும் வேண்டிய மட்டும் கிடைத்தன. ஆனால் எத்தனை கட்டுரைகளைப் படித்தாலும் ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்த உணர்வுதான் மிஞ்சியது. அதே நிகழ்ச்சிகள் அதே வரிசையில், சில இடங்களில் அதே அடைமொழிகளோடு வந்துகொண்டிருந்தன.

எனவே மேற்கோள்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதைக் கண்டறிவதில் முதலில் இறங்கினேன். கட்டுரைகளை வெளியான தேதிப்படி அடுக்கி, ஒவ்வொரு செய்தியும் முதன்முதலாக எங்கே தலைகாட்டுகிறது என்று பார்த்தேன். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ள வரலாற்றுப் பட்டியலும் இதற்குப் பெரிதும் உதவுகிறது. ஒரு வாக்கியம் அங்கே சேர்க்கப்பட்ட பிறகு அதே சொற்களுடன் வெளிவந்த செய்திக்கட்டுரையை அந்த வாக்கியத்துக்கே சான்றாக வைப்பது, கடன் வாங்கியவரையே பிணை நிற்கச் சொல்வதாகும்.

இப்படிச் சலித்தெடுத்த பின் கையில் நின்றவை சிலவே. இந்திய தேசிய அறிவியல் கழகம், மறைந்த தன் உறுப்பினர்களைப் பற்றி வெளியிடும் வாழ்க்கைக் குறிப்புத் தொகுதியில் 1988இல் வந்த கட்டுரை ஒன்று. பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமியின் ‘ரெசனன்ஸ்’ இதழில் 2007இல் பூஞ்சையியலாளர் சி. வி. சுப்பிரமணியன் எழுதியது மற்றொன்று. வரலாற்றாய்வாளர் வினிதா தாமோதரன் 2013இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை மூன்றாவது. முதல் இரண்டும் துறைக்குள் இருந்தவர்களின் எழுத்துகள். ஆய்வுப் பணி, பதவி, ஆண்டு ஆகியவற்றுக்கு அவற்றை நம்பலாம். ஆனால் நினைவஞ்சலிக்கே உரிய புகழ்மொழிகளை நடுநிலையான மதிப்பீடாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆவணக் காப்பகங்களிலுள்ள கடிதங்களைப் படித்து, தாமோதரன் ஜானகி அம்மாளைச் சாதி, பாலினம், காலனியம் ஆகியவற்றின் பின்னணியில் வைத்துப் பார்த்ததால், மதிப்பீடு சார்ந்த வாக்கியங்களுக்கு மூன்றாவதையே நான் மிகுதியும் சார்ந்திருந்தேன்.

பத்மஸ்ரீ விருதின் ஆண்டு தனியாக ஒரு வேலை வைத்தது. பல கட்டுரைகள் 1957 என்கின்றன. நடுவண் அரசு வெளியிட்டுள்ள பத்ம விருதாளர் பட்டியலிலோ அவர் பெயர் 1977ஆம் ஆண்டின்கீழ் இருக்கிறது. விருதை வழங்கியவர்களின் பட்டியல் இருக்கும்போது, எத்தனை பேர் 1957 என்று எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராக அவர் தேர்வானது 1957இல்தான் என்பதால், இரண்டு பெருமைகளையும் யாரோ ஒருவர் ஒன்றாக்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது என் ஊகம். சொந்த ஆய்வுக்கு இடமில்லாத கலைக்களஞ்சியத்தில் அதை எழுத முடியாது. 1977 என்று மட்டும் எழுதி, பட்டியலை மேற்கோளாகக் கொடுத்தேன்.

அவருடைய ஆய்வுக்கட்டுரைகளைத் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. மேலைநாட்டு அட்டவணைகளுக்கு ‘அம்மாள்’ என்பது மரியாதைச் சொல் என்று தெரியாது. சிலவற்றில் அது குடும்பப் பெயராகி ‘அ’ வரிசைக்குப் போய்விடுகிறது. சிலவற்றில் ‘ஜானகி-அம்மாள்’ என்று இடையில் கோடு போட்டு வருகிறது. எல்லா வடிவங்களிலும் தேடினால்தான் பட்டியல் ஓரளவு முழுமையாகும். பிரித்தானிய மரபணுவியலாளர் சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் 1945இல் வெளியிட்ட, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூல் மட்டும் எப்படித் தேடினாலும் அகப்பட்டுவிடும்.

1955இல் பிரின்ஸ்டனில், மனிதர் பூமியின் முகத்தை மாற்றியமைத்தது பற்றி நடந்த கருத்தரங்கில் அவர் கலந்துகொண்டார் என்பதற்கு, மறு ஆண்டு வெளியான தொகுப்பில் உள்ள அவருடைய கட்டுரையே போதும். அங்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான் என்பதை மட்டும், பெயர்ப்பட்டியலை நானே எண்ணிப் பார்த்து எழுதாமல், ஆய்வாளர் எழுதியதை மேற்கோள் காட்டியே எழுதினேன்.

எல்லாவற்றையும்விட நேரம் பிடித்தது கரும்புதான். ‘இந்தியக் கரும்புக்கு இனிப்பூட்டியவர்’ என்ற அடைமொழி இல்லாத கட்டுரையைக் காண்பதே அரிது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் தொடங்கப்பட்டது 1912இல். அங்கே சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் தடித்த இனிப்புக் கரும்பையும் மெலிந்த காட்டுக் கரும்பான சக்காரம் ஸ்பான்டேனியத்தையும் கலந்து உருவாக்கிய ‘கோ 205’ என்ற வகை 1918இலேயே பயிரிடக் கொடுக்கப்பட்டுவிட்டது. அந்தக் கலப்பிலும் இனிப்பு தடித்த கரும்பின் பங்கு. காட்டுக் கரும்பு கொடுத்தது தாக்குப்பிடிக்கும் திறன். ஜானகி அம்மாள் அந்நிறுவனத்தில் சேர்ந்தது 1934இல். அங்கிருந்தது 1939 வரை. அடைமொழிக்கும் ஆண்டுகளுக்கும் ஒத்துப்போகவில்லை.

அப்படியானால் அவர் அங்கே செய்தது என்ன? இதற்கு அவருடைய கட்டுரைகளையே படிக்க வேண்டியிருந்தது. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பெற்ற செடியைப் பற்றி 1938இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய குறிப்பு இரண்டே பக்கங்களில் அடங்குகிறது. அதில் பேசப்படுவது இனிப்பு அன்று; இரு வேறு பேரினங்களைச் சேர்ந்த புற்கள் கலக்க முடியும் என்பதும் அந்தச் செடியின் குரோமோசோம்களும்தான். காட்டுக் கரும்பின் குரோமோசோம் வேறுபாடுகளையும், வேறு புல் பேரினங்களுடன் கரும்பைக் கலப்பதையும் அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். என் கண்ணுக்கு இது அடைமொழியைவிடப் பெரிய பணி; தலைப்பில் வைக்க வசதியாக இல்லை, அவ்வளவுதான்.

அடைமொழியை நீக்கியதும் உரையாடல் பக்கத்தில் ஒரு பயனர், இத்தனை நாளிதழ்கள் சொல்வதை எப்படி நீக்கலாம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நிறுவனம் தொடங்கிய ஆண்டு, கோ 205 வெளிவந்த ஆண்டு, அவர் பணியாற்றிய காலம் மூன்றையும் மேற்கோள்களுடன் அங்கே வைத்தேன். செய்தித்தாள்கள் அவரை அப்படி அழைப்பதும் ஓர் உண்மைதானே என்று அந்தப் பயனர் வாதிட்டதை நானும் மறுக்கவில்லை. முடிவில் அடைமொழி அறிமுகப் பத்தியிலிருந்து இறங்கி, ‘வெகுசன ஊடகங்களில்’ என்ற துணைத்தலைப்பின்கீழ், சொன்ன இதழ்களின் பெயரோடு இடம்பெற்றது. அறிமுகப் பத்தியில் ‘கரும்பின் பேரினங்களுக்கிடைக் கலப்பினங்களையும் குரோமோசோம்களையும் ஆராய்ந்தவர்’ என்று எழுதி, 1988ஆம் ஆண்டுக் குறிப்பை அதற்கு மேற்கோளாக வைத்தோம்.