தெரியாமல் கொடுக்கலாமா?

கணவர் மருத்துவரின் அறைக்குள் சென்றதும், “அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடட்டுமா மேடம்?” என்று அந்தப் பெண் ஆலோசகரிடம் கேட்டார். அவர் கேட்டது, குடியை நிறுத்த உதவும் டைசல்பிராம் மாத்திரையைப் பற்றி. ஆலோசகர் உடனே மறுத்தார். பயிற்சி மாணவியாக ஓரத்தில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மறுப்பில் அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. அதன் பிறகு நடந்ததுதான் உறுத்துகிறது.

மறுப்புக்கான காரணம் பாடத்திலேயே உண்டு. டென்மார்க் ஆய்வாளர்கள் ஹால்டும் ஜேக்கப்சனும் 1948-இல் இம்மருந்தின் விளைவை வெளியிட்ட நாளிலிருந்து அதன் பலமும் ஆபத்தும் ஒன்றுதான்: மதுவிலிருந்து உடலில் உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் சிதையாமல் தேங்கிவிடுவதால், குடித்த சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கும், சிலருக்கு இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழியாமல் இதைத் தொடங்கக் கூடாது. நிறுத்திய பிறகும் 2 வாரம் வரை விளைவு நீடிக்கக்கூடும். மாத்திரை உள்ளே போயிருப்பதை அறியாதவர் எதற்கு அஞ்சிக் குடிக்காமல் இருப்பார்?

ஆலோசகர் இதையெல்லாம் எளிமையாக விளக்கி, கணவர் சம்மதித்தால் மனைவியின் கண்ணெதிரே அவரே தினமும் விழுங்கும் முறை உண்டு என்றார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவருடைய சம்மதத்தைக் கேட்கிறீர்கள். நான் அடி வாங்குகிறேனே, அதற்கு என் சம்மதத்தை யார் கேட்டார்கள்?” என்றார்.

ஆலோசகர் அதற்குப் பதில் சொல்ல முயலவில்லை. அடியைப் பற்றிப் பேச அவருக்கென்று தனியாக நேரம் குறித்துக் கொடுத்தார். பிறகு தாழ்ந்த குரலில், “இதுவரை கொடுத்திருக்கிறீர்களாம்மா?” என்று கேட்டார். அந்தப் பெண் கைப்பையின் ஜிப்பை மூடினார், பாதி திறந்தார், மறுபடி மூடினார். அதன் பிறகே “இல்லை” என்றார்.

ஆலோசகர் அதற்கு மேல் துருவவில்லை. இன்னின்ன அறிகுறி தென்பட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், என்ன கொடுத்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று மட்டும் கூறினார். கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒருசேரப் பொருந்தும் அறிவுரை அது. பின்னர் நான் காரணம் கேட்டபோது, “குற்றவாளியாக்கிவிட்டால் அடுத்த முறை வர மாட்டார்” என்றார்.

அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். ஆனால் அது முழுமையாகத் தோன்றவில்லை. மனைவி சொன்னது இரகசியம் என்றால், உள்ளே இருந்தவரின் உயிர் யாருடைய பொறுப்பு? மருத்துவரின் காதில் மட்டுமாவது போட்டிருக்கலாம் என்று ஒரு நாள் நினைக்கிறேன். வெறும் தயக்கத்தைச் சாட்சியாக்குவது எந்த ஊர் நியாயம் என்று மறுநாள் நானே வாதாடுகிறேன். அடி வாங்குகிறவர் பதில் சொல்லத் தயங்குவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பேச வேண்டிய இடம் மாணவிக்கு அங்கே இல்லை என்பதும் உண்மைதான். இருந்தாலும் அந்த ஜிப்பைக் கவனித்தவள் நான். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்த ஆலோசகருக்கு அது தெரிந்திருக்குமா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.