உவர்ச் சதுப்பிலிருந்து தோட்டத்துக்கு வந்த பூ

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் லாங் தீவு தொடங்கித் தெற்கே ஃபுளோரிடா வரையிலும், அங்கிருந்து மெக்சிகோ வளைகுடாக் கரையோரமாக டெக்சாஸ் வரையிலும் பரந்து கிடக்கும் சதுப்புகளில், ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் கோரைகளுக்கு நடுவே இளஞ்சிவப்புப் பூக்கள் தலைகாட்டத் தொடங்கும். அங்கே சீஷோர் மாலோ என்று அழைக்கப்படும் இச்செடி, நமக்கு நன்கு தெரிந்த செம்பருத்தி, பருத்தி, வெண்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெண்டைப் பூவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த உறவு உடனே புலப்பட்டுவிடும். ஆனால் வெண்டைப் பூவின் அடியில் இருக்கும் கருஞ்சிவப்புப் பொட்டு இதில் இல்லை.

ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள்தான். அந்த ஒரு நாளில் அது செய்யும் காரியத்தைப் பார்ப்பதற்காகவே நான் செடியின் அருகில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் சூல்முடியின் ஐந்து கிளைகளும் மகரந்தப் பைகளைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டு, வண்டுகளும் தேனீக்களும் கொண்டுவரும் அயல் மகரந்தத்துக்காகக் காத்திருக்கும். போதிய அளவு வந்து சேராவிட்டால், நேரம் செல்லச் செல்ல அவை மெல்லப் பின்னோக்கி வளைந்து, தன் பூவின் மகரந்தத்தையே தொட்டுக்கொள்ளும். பிறகு உருவாகும் தட்டையான, ரோமம் படர்ந்த காயில் ஐந்து அறைகளும் அறைக்கொரு விதையும் இருக்கும். இச்செடியின் அறிவியல் பெயரில் வரும் பென்டகார்போஸ் என்ற சிற்றினப் பெயருக்கு 'ஐந்து கனி' என்பதே பொருள்.

இதை உப்பை விரும்பும் செடி என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. இது உப்பைத் தாங்கும் செடி. நல்ல தண்ணீரில் இன்னும் செழிப்பாகவே வளரும். ஆகவே புயல் நாளில் கடல்நீர் ஏறும் தோட்டத்துக்கு மட்டுமன்றி, மழைநீர் தேங்கி மற்ற செடிகளின் வேர் அழுகிப்போகும் பள்ளத்துக்கும், குளக்கரைக்கும் இது பொருத்தமானது. முழு வெயில் மட்டும் கட்டாயம். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் வளர்வதால், முன்வரிசையில் வைத்தால் மற்றவற்றை மறைத்துவிடும். கோடை முடிந்து தோட்டம் களையிழக்கும் வேளையில் இது பூத்துக்கொண்டிருப்பதும், அப்போது தேன்சிட்டுப் போன்ற ஹம்மிங் பறவைகள் தேடி வருவதும் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. கடல்நீர் புகுந்து கெட்டுப்போன விளைநிலங்களில் எண்ணெய் வித்துப் பயிராக இதை வளர்க்க முடியுமா என்று டெலவேர் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். இதன் எண்ணெய் பருத்திவிதை எண்ணெயை ஒத்தது.

விதையின் தோல் கடினமானது. உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். குளிர்காலத்தில் தண்டு முழுவதும் பட்டுப்போகும்; வசந்தத்தில் மற்ற செடிகளெல்லாம் துளிர்த்த பின்னும் இது மண்ணுக்குள்ளேயே இருக்கும். இரண்டாம் ஆண்டில் செத்துவிட்டதென்று எண்ணி மண்வெட்டியை எடுத்துவந்து, முதல் வெட்டுப் போடும் முன் மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தபோது, வேர்த்தலையில் கடுகளவு பச்சை மொட்டுகள் நான்கைந்து இருந்தன. அன்றிலிருந்து பழைய தண்டுகளை அடையாளத்துக்காக விட்டுவைத்து, புதுத் துளிர் விரலளவு வந்த பிறகே வெட்டுகிறேன்.