ஸ்கேனர் நாட்குறிப்பு: கோவைப் பட்டறையிலிருந்து

2024 ஜூலை 3, புதன்

வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை மாட்டியவுடன் பழுதைக் குறிக்கும் எரர் கோடுகளைத் தேடாமல், முன்னால் நிற்பது எந்த வண்டி என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வதே எங்கள் பட்டறையின் நடைமுறை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண், வண்டியின் உடலில் பொறித்திருக்கும் எண், இன்ஜினை இயக்கும் கணினியான இசிஎம்மிலிருந்து கருவி படித்துக் காட்டும் எண் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். அந்த எண்ணில் 17 இடங்கள் உண்டு. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பிவிடும் என்பதால் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் இடம்பெறுவதில்லை. முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும்: எம்ஏ3 என்றால் மாருதி சுசுகி, எம்ஏஎல் என்றால் ஹூண்டாய், எம்ஏடி (MAT) என்றால் டாடா மோட்டார்ஸ்.

இன்று வந்த டீசல் வண்டி ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, நடுங்கியது, ஆனால் கோடு எதுவும் பதிவாகவில்லை. ஆர்.சி.யும் உடலில் பொறித்த எண்ணும் ஒத்திருக்க, இசிஎம் மட்டும் வேறொரு சேஸிஸ் எண்ணைக் காட்டியது. உரிமையாளர் தமக்கு வண்டியை விற்றவரிடம் தொலைபேசியில் விசாரித்தார். மழைநீர் புகுந்து இசிஎம் பழுதானதால் வேறு வண்டியிலிருந்து கழற்றிய ஒன்றைப் பொருத்தியதாக அவர் மறைக்காமல் சொன்னார்.

அந்த ஒரு தகவல் நடுக்கத்தின் காரணத்தையும் காட்டிக்கொடுத்தது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் டீசல் இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் டீசலைத் தெளிக்கும் அளவில் நுட்பமான வேறுபாடு இருக்கும். தொழிற்சாலையில் அதை அளந்து, இன்ஜெக்டரின் தலையில் ஒரு குறியீடாகப் பொறிக்கிறார்கள். அந்தக் குறியீட்டை இசிஎம்மில் பதிந்தால்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் சரியான அளவு டீசல் போய்ச் சேரும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் நான்கு இன்ஜெக்டர்களின் குறியீடுகளையும் படித்து, இசிஎம்மில் இருந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்றுகூடப் பொருந்தவில்லை, எல்லாமே முந்தைய வண்டியின் குறியீடுகள். இசிஎம்மின் பாகஎண் இந்த இன்ஜினுக்கு உரியதுதான் என்று சரிபார்த்த பிறகே சரியான குறியீடுகளைப் பதிந்தோம். இன்ஜின் ஓடும்போதே அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவில் சிலிண்டர்களுக்கு இடையிலான திருத்த அளவுகள் கண்ணெதிரே இறங்கி வந்தன, நடுக்கமும் நின்றது.

2024 ஜூலை 5, வெள்ளி

நடுத்தர பெட்ரோல் கார். செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, கோடு பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருக்கிறது. வேறொரு பட்டறையில், வெளியேறும் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்களாம். பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்று சரியாகச் சொன்ன சென்சாரையே குற்றவாளியாக்குவது, உண்மை சொன்ன சாட்சியைத் தண்டிப்பது போன்றது. இந்தத் தொழிலில் வாடிக்கையாளரின் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

கோடு பதிவான கணத்தில் இன்ஜின் எப்படி இருந்தது என்பதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பெயரில் இசிஎம் சேமித்து வைத்திருக்கும். கோட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும் என்பதால் முதல் வேலையாக அதைப் படியெடுத்துக்கொண்டோம். வேகம் 0, இன்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 760, கூலன்ட் வெப்பம் 91 டிகிரி, லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவில் இசிஎம் செய்யும் நீண்டகாலத் திருத்தம், 21 சதவீதம் கூடுதல். ஆக, இன்ஜின் நன்றாகச் சூடேறி, வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தபோது இசிஎம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துச் சமாளித்திருக்கிறது.

அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை 2500 சுழற்சியில் நிலையாகப் பிடித்துப் பார்த்தோம். லாங் டெர்ம், ஷார்ட் டெர்ம் (உடனடித் திருத்தம்) ஆகிய இரு ட்ரிம்களின் கூட்டுத்தொகை 4 சதவீதத்துக்கு இறங்கியது, காலை எடுத்ததும் மறுபடி ஏறியது. பெட்ரோல் பம்பு தளர்ந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ, சுமை கூடக்கூட ட்ரிம் ஏற வேண்டுமே தவிர இறங்கக் கூடாது. ஐடிலில் மிகுந்து, சுழற்சி கூடும்போது குறைந்தால், காற்றளவு சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ வெளிக்காற்று உள்ளே நுழைகிறது என்றே கொள்ள வேண்டும். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று குறைவு என்பதால், அதில் ஓட்டை வழியே வரும் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. சுழற்சி கூடும்போது அதே பங்கு சிறுத்துவிடுகிறது.

கசிவைப் புகையால் காட்டும் கருவியை, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் இணைத்ததும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டின் பின்புறமிருந்து மெல்லிய இழையாகப் புகை எழுந்தது. இன்ஜினின் உட்புற வாயுவை மீண்டும் இன்டேக்குக்கே கொண்டுவரும் பிசிவி ஹோஸ் வளையும் இடம் அது. மேலிருந்து பார்த்தால் ரப்பரில் ஒரு குறையும் தெரியவில்லை. அடிப்பக்கத்தை விரலால் அழுத்தியபோது நகம் நுழையும் அளவுக்குப் பிளந்தது. ஹோஸை மாற்றி, கோட்டை அழித்து ஓடவிட்டதில் ஷார்ட் டெர்ம் ட்ரிம் கூட்டலும் கழித்தலுமாக 3 சதவீதத்துக்குள்ளேயே ஆடியது. ஆக்சிஜன் சென்சார் பழையதே இருக்கிறது.

இந்தச் சோதனை எல்லா வண்டிக்கும் அப்படியே பொருந்தாது. காற்றளவு சென்சாருக்குப் பதிலாக மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் சிறிய கார்கள் நம் ஊரில் ஏராளம். அவற்றில் உள்ளே கசியும் காற்றும் மேனிஃபோல்ட் அழுத்தத்தில் சேர்ந்தே கணக்காகிவிடுவதால் ட்ரிம் அவ்வளவாக மாறாது, ஐடில் சுழற்சிதான் உயரும். எந்த வண்டி என்று தெரியாமல் எண்களைப் படிப்பதில் பயனில்லை.

2024 ஜூலை 8, திங்கள்

கருவியை மாட்டியும் திரை ஒளிரவில்லை. கருவியை மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் பின்னில் பேட்டரி மின்சாரமும், 4, 5 ஆகிய பின்களில் எர்த்தும் இருக்க வேண்டும். 16இல் மின்சாரம் வரவில்லை. சிகரெட் லைட்டருக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ், அது கருகியிருந்தது. மாற்றிய பின் கருவி உயிர் பெற்றது.

இந்தியாவில், வண்டியே தன் பழுதைக் கண்டறியும் ஓபிடி-2 முறை கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான் என்பதால், அதற்கு முந்தைய வண்டியில் அதே 16 பின் சாக்கெட் இருந்தாலும் பொதுக் கருவி பேசும் என்று உறுதியில்லை. வண்டியின் கணினிகள் தமக்குள் பேசும் கேன் பாதை உள்ள வண்டி பேசாவிட்டால் பேட்டரியைக் கழற்றி 6, 14 ஆகிய பின்களுக்கிடையே ஓம் அளந்துவிடுவது நல்லது. 60 ஓம் வந்தால் இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் மின்தடைகள் சரி. 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

2024 ஜூலை 11, வியாழன்

ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் ஓடுகிறது, மைலேஜும் இறங்கிவிட்டது. கோடு பி0118, அதாவது கூலன்ட் வெப்ப சென்சாரின் சுற்றில் மின்னழுத்தம் அதிகம். உரிமையாளர் புதிய கூலன்ட் சென்சாரைக் கையிலேயே கொண்டுவந்து, "இதை மாத்திட்டா செரியாயிருங்களா?" என்று கேட்டார். "ரெண்டு நிமிஷம் பொறுங்க, பாத்துட்டுச் சொல்றேங்க" என்றேன்.

லைவ் டேட்டாவில் கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 டிகிரி. மின்சுற்று எங்கோ அறுந்திருந்தால் வரும் எண் அது. சென்சாரின் கப்ளரைக் கழற்றி, கப்ளரின் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தோம். வயரிங்கும் இசிஎம்மும் சரியாக இருந்தால் திரையில் வெப்பம் சட்டென்று 130 டிகிரிக்கும் மேலே தாவ வேண்டும், அப்போது பழுது சென்சாரில்தான் என்று முடிவு செய்யலாம். ஆனால் எண் அசையவில்லை. மல்டிமீட்டரை வைத்தபோது சிக்னல் ஒயரில் வர வேண்டிய 5 வோல்ட்டும் இல்லை. ஒயரைத் தொடர்ந்து போனால், பேட்டரி தட்டுக்கு அடியில் தேங்காய் நாரும் காகிதத் துணுக்குகளுமாக எலிக் கூடு. உறையைக் கடித்து, செம்பையும் துண்டித்திருந்தது. பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடியதும் திரையில் 84 டிகிரி வந்தது, ஃபேன் நின்றது. புதிய சென்சாரைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

2024 ஜூலை 13, சனி

பழைய கார் வாங்கப் போகிறவர், விற்பவரின் சம்மதத்தோடு வண்டியை நேற்றிரவே பட்டறையில் விட்டிருந்தார். காலையில் இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தோம். கூலன்ட் 27, உள்வரும் காற்று 28 டிகிரி. இரவு முழுவதும் நின்ற வண்டியில் இவை இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். மேப் சென்சார் 96 கிலோபாஸ்கல் காட்டியது. கடல் மட்டத்தில் 101 வரும், கோவை 400 மீட்டருக்கும் சற்று மேலே இருப்பதால் இதுவே சரியான அளவு.

கோடு எதுவும் இல்லை. ஆனால் கோடு அழித்த பின் ஓடிய தூரம் 9 கிலோமீட்டர் என்றும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றின் சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்றும் இசிஎம் சொன்னது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் சில வண்டிகளில் இப்படி வரலாம் என்பதால் விற்பவர்மீது ஐயப்பட இது மட்டும் போதாது. அதே நேரம், கோடு இல்லாததை வைத்து வண்டி நல்லது என்று சொல்லவும் இயலாது. இருவரிடமும் இதை அப்படியே விளக்கினேன். நாளை காலை குளிர்ந்த இன்ஜினோடு கிளப்பி, அவிநாசி வரை சீரான வேகத்தில் போய்வர விற்பவரே முன்வந்திருக்கிறார். சுயசோதனைகள் எல்லாம் முடிந்ததாகக் கருவி காட்டிய பிறகுதான் முன்பணம் கொடுப்பது என்று வாங்குபவரும் ஒப்புக்கொண்டார்.