தாத்தா இறக்காத நட்சத்திரம்

செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டும்போதே அம்மா பைகளை எண்ணத் தொடங்கிவிட்டார். அடுத்து நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி, அதற்கடுத்த நிலையம் நாசரேத். மஞ்சள் பலகையில் அந்தப் பெயரைப் படித்த என் ஒன்பது வயது மகள், "இது பைபிளில் வருகிற ஊரா ஆச்சி?" என்று கேட்டாள். "அது இயேசப்பாவுடைய நாசரேத். இது நம்முடைய நாசரேத்" என்றார் அம்மா. ஆழ்வார் ஊருக்கும் முருகன் ஊருக்கும் நடுவே இப்படியொரு பெயரில் ரயில் நிற்பதைச் சிறுவயதில் நான் பெரிதாக எண்ணியதே இல்லை. இந்த முறை அந்தப் பலகையைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிறிஸ்மஸுக்கு அம்மாவின் ஊரான மெஞ்ஞானபுரம் வர எனக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சென்னையில் ஒவ்வொரு டிசம்பரிலும் பிள்ளைகளுக்கு இந்த ஊரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். விடிவதற்கு முன் பனங்காட்டு ஒற்றையடிப் பாதையில் கோயிலுக்கு நடந்தது, காலில் ஒட்டிய ஈர மணல், ஒரே துணியில் வெட்டிய எங்கள் எல்லாருடைய புதுச்சட்டைகள் என்று எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். வாயால் சொன்னது போதும், கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று இந்த ஆண்டு முடிவெடுத்தேன். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. அவரும் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

நாசரேத்திலிருந்து காரில் போனோம். மார்கழி என்பதால் பச்சை உடுத்திய பாதயாத்திரை பக்தர்கள் கூட்டம் கூட்டமாகத் திருச்செந்தூர் நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். தாமிரபரணிப் பாசனத்து வாழைத் தோட்டங்கள் முடிந்து, மண் சிவந்து, பனைகள் நெருங்கத் தொடங்கின. இது தேரிக்காட்டுச் சீமை. காற்று மணலை அள்ளி வந்து கொட்டும் இந்த நிலத்தில்தான் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த மிஷனெரி ஜான் தாமஸ் கிணறு தோண்டி, மரம் நட்டு, மெஞ்ஞானபுரம் என்ற ஊரையே வளர்த்தெடுத்தார். 1870இல் இறக்கும்வரை இந்த மக்களோடுதான் வாழ்ந்தார். அவர் எழுப்பிய தூய பவுலின் ஆலயத்தின் வேலை 1844இல் தொடங்கியது, 1847இல் அங்கே ஆராதனை நடந்தது. கோபுரத்தின் உயரம் 192 அடி. பனைகளுக்கு மேலே அதன் கூர்முனை முதலில் தெரிகிற ஒரு வளைவு உண்டு. அந்த இடத்தில் என் தாத்தா மாட்டுவண்டியை நிறுத்தி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். கார் அங்கே திரும்பியபோது அம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். என் மகன் அதைக் கவனித்தான்.

தாத்தா வீடு இப்போது சின்ன மாமாவின் வீடு. மெஞ்ஞானபுரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. நாங்கள் போனபோது அத்தை முந்திரிக்கொத்துக்கு மாவு தயாராக வைத்துக் காத்திருந்தார். வறுத்துத் திரித்த சிறுபயறு, தேங்காய், எள், ஏலம் எல்லாவற்றையும் உடன்குடிக் கருப்பட்டிப் பாகில் சூட்டோடு பிசைந்து உருட்ட வேண்டும். ஆறிவிட்டால் உருண்டை பிடிக்க வராது. அதனால் கை பொறுக்கிற சூடு வந்ததும் வீடு முழுவதும் ஓடிவந்து உட்கார்ந்துவிடும். மூன்று மூன்று உருண்டையாக அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் போட்டால், கொத்தாக ஒட்டிக்கொண்டு எழும்பி வரும். பிள்ளைகளும் வட்டத்தில் உட்கார்ந்தார்கள். நான் இந்தப் பயணத்தில் ஆசைப்பட்டது இந்த வட்டத்தைத்தான். கை வேலையாக இருக்கும்போதுதான் எங்கள் வீட்டில் வாய் திறக்கும்.

முற்றத்தில் மாமா தொங்கவிட்டிருந்த நட்சத்திரத்தைப் பார்த்து நான்தான் பேச்சைத் தொடங்கினேன். தாத்தா காலத்தில் மூங்கில் சிம்பு கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே அரிக்கேன் விளக்கை வைத்துக் கம்பத்தில் ஏற்றுவார். ஊரில் எல்லாரும் புத்தாண்டு கழிந்ததும் இறக்கிவிடுவார்கள். எங்கள் நட்சத்திரம் மட்டும் சில ஆண்டுகள் பொங்கல் தாண்டியும் எரியும். ஒருமுறை பிப்ரவரியில்கூட எரிந்ததாக ஞாபகம். "தாத்தாவுக்குக் கிறிஸ்மஸ் முடிவதில் விருப்பமே இல்லை, அதனால்தான் இறக்க மாட்டார்" என்று என் பிள்ளைகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றும் அதையே சொன்னேன்.

அம்மா உருட்டுவதை நிறுத்தாமல், "அதற்காக இல்லை" என்றார்.

பிறகு சொன்னார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது அவருடைய அண்ணன், எங்கள் பெரிய மாமா, பாம்பனில் ரயில்வே வேலையில் இருந்தார். பாலம் உடைந்தது, தந்தி அறுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது என்ற செய்தி இங்கே வந்து சேர்ந்தபோது கிறிஸ்மஸுக்கு ஒருநாள் இருந்தது. அம்மாவின் அம்மாவான என் ஆச்சி அடுப்பு மூட்டவில்லை. தைத்து வந்த சட்டைகளை யாரும் பிரிக்கவில்லை. தாத்தா மட்டும் நட்சத்திரத்தைச் செய்து ஏற்றினார். "பிள்ளை இருட்டிலே வந்தால் வீடு தெரிய வேண்டாமா?" என்று கேட்டாராம். அந்த வாரம் காற்று ஓயவே இல்லை. இரவில் தாள் கிழியும். காலையில் தாத்தா கோதுமைப் பசை காய்ச்சி, கையில் கிடைத்த பழைய செய்தித்தாளையெல்லாம் ஒட்டி மறுபடி ஏற்றுவார். கிறிஸ்மஸ் அன்றும் அப்படித்தான் ஏற்றினார்.

புத்தாண்டு கழிந்து இரண்டாம் நாள் விடியற்காலம் மாமா வந்தார். தோணியிலும் லாரியிலும் நடந்துமாக வந்திருந்தார். காலில் செருப்பு இல்லை. அவரோடு ஓர் அறையில் தங்கியிருந்த நண்பர் அன்றைக்கு அந்த ரயிலில் ஏறியிருந்தார். மாமா வாசலில் உட்கார்ந்து அதை ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று தாத்தா வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அதன்பின் மாமா எந்த ஊரில் வேலை பார்த்தாலும், அவர் விடுப்பில் வந்து முற்றத்தில் கால் வைக்கும்வரை அந்த ஆண்டின் நட்சத்திரம் இறங்காது. அவர் வந்த அன்று மாலை தாத்தாவே இறக்கி, விளக்கை ஊதி அணைப்பார்.

பெரிய மாமா மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். சின்ன மாமா அப்போது கைக்குழந்தை, அவருக்கே இது தெரிந்திருக்கவில்லை. பாகு ஆறி மாவு இறுகிப்போயிருந்தது. யாரும் கையெடுக்கவில்லை. "இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை ஆச்சி?" என்று என் மகன்தான் கேட்டான். "நீ கேட்டாய், சொன்னேன் மக்கா" என்றார் அம்மா. அத்தை எழுந்து கொஞ்சம் பாகு காய்ச்சி ஊற்றினார்.

மறுநாள் அதிகாலை ஆராதனைக்கு மூன்றரை மணிக்கே கிளம்பினோம். மாமா காரை எடுக்க, நடந்துதான் போவோம் என்று அம்மா சொல்லிவிட்டார். பாதி வழிக்கு இப்போது தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள். மீதிப் பாதை பழைய மணல்தான். பனி இறங்கியிருந்தது. மகள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள், நான் சொல்லவில்லை. மணி அடிக்கத் தொடங்கியபோது நாங்கள் காட்டின் நடுவே இருந்தோம். நின்று கேட்டோம்.

உயர்ந்த கூரையும் கூர்முனை வளைவுகளுமாய் நீளும் அந்த ஆலயத்துக்குள் விளக்கொளியில் சபை நிரம்பி வழிந்தது. பாமாலை எழும்பியபோது அம்மா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. எல்லாப் பாட்டும் அவருக்குள் இருக்கிறது. ஐயர் என்று நாங்கள் அழைக்கும் சபைப் போதகர் பெத்லகேம் மேய்ப்பர்களின் பகுதியை வாசித்தார். மேய்ப்பர்கள் பிள்ளையைக் கண்ட பின்பு தாங்கள் கேட்டதையெல்லாம் ஊரெங்கும் சொன்னார்கள். மரியாளோ அவை அனைத்தையும் தன் இருதயத்திலே வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தாள். வருடம் தவறாமல் கேட்ட பகுதிதான். எப்போதும் மேய்ப்பர்களோடு ஓடிவிடுவேன், மரியாளிடம் நின்றதில்லை. அன்று என் பக்கத்தில் ஒரு மரியாள் உட்கார்ந்திருந்தார். அறுபது ஆண்டுகள் வைத்திருந்து, முந்தின நாள்தான் கையில் மாவோடு திறந்திருந்தார். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், தப்பான கதையைச் சொல்லியிருக்கிறேன். ஆண்டவரே, கேட்கவாவது இவ்வளவு தாமதமாக வந்தேனே என்று அழுதேன். திருவிருந்துக்கு எழுந்தபோது அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒன்றாகப் போய் முழந்தாளிட்டோம்.

ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தாத்தா, ஆச்சி, பெரிய மாமா மூவரும் அருகருகே இருக்கிறார்கள். பிள்ளைகள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். காற்று அணைத்தது. மகன் இரண்டு கைகளையும் குவித்து மறைத்து மறுபடி ஏற்றினான். பெரிய மாமாவின் கல்லில் பெயரும் தேதிகளும் மட்டுமே இருக்கின்றன. அம்மா குனிந்து, அதன்மேல் ஒரு முந்திரிக்கொத்தை வைத்தார்.

சென்னை திரும்பி ஒரு வாரம் ஆகிறது. எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டு நட்சத்திரங்களும் இறங்கிவிட்டன. துபாயில் இருக்கும் என் தம்பிக்கு இந்த முறை கிறிஸ்மஸுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, பதினோராம் தேதிதான் வருகிறான். நேற்று எங்கள் நட்சத்திரத்தை இறக்க ஏணியை எடுத்தபோது மகள் வந்து ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டு, "மாமா இன்னும் வரவில்லையே அம்மா" என்றாள். ஏணியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். மாலை ஆறு மணிக்கு விளக்குப் போடுவது அவள் பொறுப்பு.